முத்திரை இல்லாத எடைக்கல்

கடைத்தெருவில் அரிசி விற்கும் வணிகர் தம் தராசையும் எடைக்கற்களையும் குறித்த காலத்திற்கு ஒருமுறை அதிகாரியிடம் காட்டி முத்திரை பெற்றாக வேண்டும். முத்திரை இல்லாத கல்லை வைத்து நிறுத்தால் குற்றம். அவர் நாணயமானவர், தொழுகை தவறாதவர், தலைமுறையாகக் கடை நடத்துகிறவர் என்று ஊரே சான்று கூறினாலும் சட்டம் அதனைச் செவியேற்பதில்லை. நாணயம் அவர் நெஞ்சில் இருக்கட்டும், அளவு கல்லில் இருக்க வேண்டும் என்பதே விதி. நம்மில் பலர் வணிகக் குடும்பத்தினர். இந்த விதியை யாரும் அவமதிப்பாக எண்ணியதில்லை.

ஒரு கிலோ அரிசிக்கு இத்துணைக் கண்டிப்புக் காட்டும் நம் நாட்டில், ஒரு மனிதனின் பத்தாண்டு வாழ்வை நிறுத்துக் கொடுக்கும் மேடையில் மட்டும் முத்திரையிட்ட கல் ஒன்றும் இல்லை. ஒருவன் குற்றவாளியா அல்லனா என்று தீர்மானிப்பதற்குச் சாட்சியச் சட்டம் உண்டு, நடைமுறைச் சட்டம் உண்டு, நூறாண்டுக்கு மேற்பட்ட முன் தீர்ப்புகள் உண்டு. குற்றவாளி என்று தீர்ந்த பின்னர், அவனுக்கு எத்தனை ஆண்டு என்று தீர்மானிப்பதற்கு என்ன உண்டு? நீதிபதியின் மனம் உண்டு. அதற்குமேல் பெரிதாக ஒன்றும் இல்லை. இந்த நிலை மாற வேண்டும் என்பதே நம் வாதம்.

சட்டப் புத்தகத்தைத் திறந்து பார்ப்போம். 1837இல் மெக்காலே தலைமையிலான ஆணையம் வரைந்து, 1860இல் இயற்றப்பட்டு, 1862ஆம் ஆண்டு சனவரி முதல் நாள் நடைமுறைக்கு வந்த இந்தியத் தண்டனைச் சட்டம், பெரும்பாலான குற்றங்களுக்கு மேல் எல்லையை மட்டுமே வகுத்தது. 'இத்தனை ஆண்டு வரை நீடிக்கலாம்' என்பதே அதன் மொழி. அச்சட்டம் போய், 2024 சூலை முதல் நாளிலிருந்து பாரதிய நியாய சன்ஹிதா வந்துவிட்டது. பெயர் மாறிற்று, பழக்கம் மாறவில்லை. கொடிய ஆயுதத்தால் கொடுங்காயம் விளைவித்தவனுக்கு அதன் 118ஆம் பிரிவின்படி ஓராண்டுச் சிறையும் விதிக்கலாம், ஆயுள் சிறையும் விதிக்கலாம். வழிப்பறி செய்தவனுக்குப் பத்தாண்டு வரை விதிக்கலாம். பொழுது சாய்ந்து விடியும் முன் நெடுஞ்சாலையில் செய்திருந்தால் பதினான்கு ஆண்டு வரை விதிக்கலாம். கொலை செய்தவனுக்கு ஆயுள் சிறையும் விதிக்கலாம், தூக்குக் கயிறும் விதிக்கலாம். ஓராண்டுக்கும் ஆயுளுக்கும் இடையில் ஒரு மனிதனின் இளமை முழுவதும் அடங்கிக் கிடக்கிறது. அந்த வெளியில் நீதிபதி எங்கே தொடங்குவது, எந்தப் படியில் ஏறுவது, எந்தப் படியில் இறங்குவது என்று சட்டம் சொல்வதில்லை.

இதன் விளைவு என்ன? கற்பனை செய்ய வேண்டியதில்லை. ஹர்பன்ஸ் சிங் வழக்கு என்று சட்ட ஏடுகளில் பதிவாகியிருக்கும் வழக்கைப் பார்த்தாலே போதும். நால்வரைக் கொன்ற ஒரே குற்றத்தில் மூவர் பங்கு கொண்டனர். மூவருக்கும் மரண தண்டனை என்று 1975இல் அலகாபாத் உயர் நீதிமன்றம் உறுதி செய்தது. மூவரும் தனித்தனியே உச்ச நீதிமன்றத்தை அணுகினர். முதலாமவருடைய மனுவை ஓர் அமர்வு 1976இல் தள்ளிற்று. இரண்டாமவருடைய மனுவை வேறோர் அமர்வு ஏற்று, 1977இல் தண்டனையை ஆயுள் சிறையாகக் குறைத்தது. மூன்றாமவருடைய மனுவை மற்றோர் அமர்வு 1978இல் தள்ளிற்று. இரண்டாமவருக்குக் கிடைத்த இரக்கம், மூன்றாமவர் வழக்கைக் கேட்டவர்களின் கவனத்திற்கு வரவேயில்லை. முதலாமவர் 1981 அக்டோபர் 6ஆம் நாள் தூக்கிலிடப்பட்டார். அதே நாளில் தூக்கிலிடப்பட வேண்டிய மூன்றாமவர், கடைசி நேரத்தில் மனுச் செய்து தடையாணை பெற்றதால் தப்பினார். 1982இல் உச்ச நீதிமன்றமே இந்த முரண்பாட்டைக் கண்டு வருந்தி, அவர் தண்டனையைக் குறைக்குமாறு குடியரசுத் தலைவருக்குப் பரிந்துரைத்தது.

ஒரே குற்றம், ஒரே சான்று, ஒரே நீதிமன்றம். ஒருவர் மண்ணுக்குள் போனார், ஒருவர் சிறையில் வாழ்ந்தார், ஒருவர் கயிற்றின் நிழலிலிருந்து மீட்கப்பட்டார். இந்த மூன்று முடிவுகளையும் தந்தவர்கள் தீயவர்களா? இல்லை. நாட்டின் மிக உயர்ந்த நீதிபதிகள் அவர்கள். அப்படியாயின் பிழை எங்கே? நீதிபதியின் நேர்மையில் குறையில்லை; அவர் கையில் கொடுக்கப்பட்ட கல்லில் முத்திரை இல்லை. இதைத்தான் நாம் தொடக்கத்திலேயே சொன்னோம்.

இது நம் நாட்டுக்கு மட்டும் உரிய நோயும் அன்று. 1974இல் அமெரிக்காவின் நியூயார்க், கனெக்டிகட், வெர்மாண்ட் பகுதிகளைச் சேர்ந்த கூட்டாட்சி நீதிபதிகள் ஐம்பதின்மரிடம் இருபது குற்றவாளிகளைப் பற்றிய ஒரே கோப்புகளைக் கொடுத்து, 'நீங்களாயின் என்ன தண்டனை தருவீர்கள்?' என்று கேட்டனர். மிரட்டிப் பணம் பறித்த ஒருவனுக்கு ஒரு நீதிபதி மூன்றாண்டு என்றார். மற்றொருவர் இருபதாண்டும் அறுபத்தையாயிரம் டாலர் அபராதமும் என்றார். இருவரும் படித்தது ஒரே காகிதத்தை. நடுவில் இருந்த பதினேழு ஆண்டுகளைத் தந்தது குற்றமா, நீதிபதியின் இயல்பா? விடை வெளிப்படை.

இனி, இந்தச் சீர்திருத்தத்தை மறுப்பவர்கள் சொல்வதைக் கேட்போம். அவர்கள் வாதம் மூன்று.

முதல் வாதம்: 'ஒவ்வொரு வழக்கும் தனித்தனி. ஒரு வழக்கைப் போல் மற்றொன்று இராது. ஆகவே அளவுகோல் வைக்க இயலாது.' இதன் முற்பகுதி உண்மை. பிற்பகுதி அதிலிருந்து பிறக்கவில்லை. நோயாளிக்கு நோயாளி உடல் வேறு. அதனால் மருத்துவ நூல் வேண்டாம் என்று யாரேனும் சொல்வார்களா? வழக்கு வேறாக இருப்பதால் தண்டனை வேறாகட்டும். அதை நாம் மறுக்கவில்லை. பசியால் திருடியவனையும் தொழிலாகத் திருடியவனையும் ஒரே கயிற்றால் கட்ட வேண்டும் என்று நாம் கேட்கவில்லை. வழக்கு ஒன்றாக இருந்தும் அமர்ந்திருப்பவர் வேறு என்பதால் தண்டனை வேறாகக் கூடாது என்கிறோம். முதல் வகை வேறுபாட்டுக்குப் பெயர் நீதி. இரண்டாம் வகை வேறுபாட்டுக்குப் பெயர் குலுக்குச் சீட்டு.

இரண்டாம் வாதம்: 'தவறு நேர்ந்தால் மேல்முறையீடு இருக்கிறதே!' இருக்கிறது, யாருக்கு இருக்கிறது? சென்னைக்கும் டில்லிக்கும் வழக்கறிஞரை அனுப்பக் கூடியவருக்கு இருக்கிறது. மூட்டை தூக்கும் தொழிலாளியின் மகனுக்கும் அந்த உரிமை ஏட்டில் உண்டு. ஆனால் அவன் முறையீடு கேட்கப்படும் நாளில் தண்டனைக் காலம் பெரும்பகுதி கழிந்திருக்கலாம். அன்றியும், கீழ் நீதிமன்றத்திடம் இல்லாத அளவுகோல் மேல் நீதிமன்றத்திடம் எங்கிருந்து வந்தது? நாம் மேலே சொன்ன மூவரின் கதை நடந்த இடம் உச்ச நீதிமன்றமே அல்லவா? ஏணியின் உச்சிப் படியிலும் கல் இல்லை என்றால் ஏறிப் பயன் என்ன?

மூன்றாம் வாதம்தான் மதிக்கத் தக்கது: 'நீதிபதியின் கையைக் கட்டினால் கருணையும் சேர்ந்து கட்டுப்படும்.' இந்த அச்சம் வெற்றச்சம் அன்று. அமெரிக்கர் 1984இல் சட்டம் இயற்றி, 1987 நவம்பர் முதல் நாளிலிருந்து ஒரு கட்ட அட்டவணையைக் கொண்டுவந்தனர். குற்றத்தின் கடுமைக்கு 43 படிகள் கீழ்நோக்கி. முன் குற்றங்களுக்கு ஆறு கட்டங்கள் குறுக்காக. இரண்டும் சந்திக்கும் கட்டத்தில் இத்தனை மாதம் என்று எழுதியிருக்கும். பஞ்சாங்கம் பார்ப்பது போல் நீதிபதி விரல் வைத்துப் பார்க்க வேண்டியதாயிற்று. அதனோடு, 1986இல் அந்நாட்டுச் சட்டமன்றம் கோக்கெய்ன் போதைப் பொருளுக்கு ஒரு விசித்திரமான கணக்கை வைத்தது. தூளாக 500 கிராம் விற்றவனுக்கு என்ன குறைந்த அளவுத் தண்டனையோ, அதையே கட்டியாக 5 கிராம் விற்றவனுக்கும் விதித்தது. கட்டியாக விற்றுச் சிக்கியவர்களில் மிகப் பெரும்பாலோர் கறுப்பின மக்கள். நூற்றுக்கு ஒன்று என்ற இந்த விகிதம் 2010இல்தான் பதினெட்டுக்கு ஒன்று என்று குறைந்தது. கட்ட அட்டவணை நீதிபதியைக் கட்டாயப்படுத்தலாகாது, அது வழிகாட்டும் அளவினதே என்று 2005இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

இதிலிருந்து நாம் கற்க வேண்டிய பாடம் ஒன்று உண்டு. சீராக இருப்பதும் நீதியாக இருப்பதும் ஒன்றல்ல. எல்லோருக்கும் ஒரே சீராகக் கொடுமை செய்வதும் ஒரு சீர்தான். கோணலான கல்லுக்கு முத்திரை குத்தினால், அதுவரை ஒரு கடையில் நடந்த பிழை ஊர் முழுவதும் பரவும். ஆகவே எந்த அளவுகோல், யார் செய்த அளவுகோல், யார் கண் முன் செய்த அளவுகோல் என்ற கேள்விகளை விட்டுவிட்டு வெறும் அளவுகோல் கேட்பவர்களோடு நாம் சேர்ந்தவர்கள் அல்லோம்.

இதே காரணத்தால், கணினிப் பொறியிடம் தண்டனையைக் கேட்கும் புதிய ஆசையையும் நாம் ஏற்பதற்கில்லை. 2020இல் மலேசியாவின் சபா மாநிலத்தில் போதைப் பொருள் வழக்குகளில் செயற்கை நுண்ணறிவின் பரிந்துரையை நீதிமன்றம் கேட்டுப் பார்த்தது. அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில், குற்றவாளி மீண்டும் குற்றம் செய்வானா என்று கணிக்கும் பொறியின் உட்கணக்கு வணிக இரகசியம் என்று மறைக்கப்பட்டிருந்தும், எச்சரிக்கைகளோடு அதனைப் பயன்படுத்தலாம் என 2016இல் அம்மாநில உச்ச நீதிமன்றம் அனுமதித்தது. பழைய தீர்ப்புகளைப் படித்துக் கற்ற பொறி பழைய கோணலையும் சேர்த்தே கற்கும். தன்னை ஏன் இத்தனை ஆண்டு அடைத்தார்கள் என்று கேட்கும் மனிதனுக்கு, 'பொறி சொல்லிற்று' என்பது விடையாகுமா?

அப்படியானால் நாம் கேட்பது என்ன? கட்டற்ற மனத்துக்கும் கட்டிப்போடும் கட்டத்துக்கும் இடையில் ஒரு வழி இருக்கிறது. இங்கிலாந்து அதில் நடந்து காட்டியிருக்கிறது. 2009ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் அமைந்த தண்டனை மன்றம், குற்றம் குற்றமாக வழிகாட்டி நெறிகளை எழுதி வெளியிடுகிறது. நீதிபதி முதலில் இரண்டு கேள்விகள் கேட்க வேண்டும்: குற்றவாளியின் பழி எவ்வளவு? விளைந்த தீங்கு எவ்வளவு? அவ்விரண்டையும் வைத்து வழக்கு எந்த வகை என்று கண்டு, அந்த வகைக்கு உரிய தொடக்கப் புள்ளியில் நிற்க வேண்டும். பின்னர், சுமையைக் கூட்டும் காரணங்களையும் குறைக்கும் காரணங்களையும் ஒவ்வொன்றாக எடுத்து, வகுத்த எல்லைக்குள் மேலேயோ கீழேயோ நகரலாம். குற்றத்தை முதலிலேயே ஒப்புக்கொண்டவனுக்கு மூன்றில் ஒரு பங்கு வரை குறைக்கலாம். இந்த நெறியைப் பின்பற்றினால் நீதிக்கு ஊறு நேரும் என்று நீதிபதி கருதினால், விலகவும் செய்யலாம். ஏன் விலகினார் என்று சொல்ல வேண்டும். கருணையின் கதவு அடைபடவில்லை. கதவைத் திறந்தவர் காரணம் எழுதிவைக்கிறார், அவ்வளவுதான். நம் உறவினர் பலர் வாழும் சிங்கப்பூரிலும் 2022இல் தண்டனை ஆலோசனைக் குழு அமைந்து, குற்றத்தை ஒப்புக்கொள்வோருக்குத் தண்டனை குறைப்பது பற்றிய அதன் நெறி 2023 அக்டோபரிலிருந்து நடைமுறையில் உள்ளது.

நீதிபதியின் விருப்புரிமைக்கு வரம்பு வைப்பது அவரை அவமதிப்பதாகும் என்போர், நம் முன்னோரின் சட்ட மரபையும் சற்றே திரும்பிப் பார்க்கட்டும். கும்பினி ஆட்சியின் தொடக்கத்தில் இந்தியாவின் பல பகுதிகளிலும் குற்ற வழக்குகளுக்கு இஸ்லாமியச் சட்டமே, ஒழுங்குவிதிகளால் திருத்தப்பட்டு, வழங்கி வந்தது. அச்சட்டத்தில் ஹத்து என்பது அளவு வகுத்த தண்டனை. கிஸாஸ் என்பது உயிருக்கும் காயத்துக்கும் ஈடு. தஃஸீர் என்பது நீதிபதியின் முடிவுக்கு விடப்பட்ட தண்டனை. அந்த மூன்றாம் வகையில்கூட, தஃஸீராக அளிக்கும் கசையடி ஹத்தின் அளவை எட்டலாகாது என்று ஹனஃபி, ஷாஃபிஈ அறிஞர் பலர் வரம்பு வைத்தனர். காழியின் தகுதியில் ஐயம் கொண்டா வைத்தனர்? காழியும் மனிதர் என்பதை அறிந்து வைத்தனர்.

நம் நாட்டுச் சட்டத்தில் நல்ல விதைகள் இல்லாமலும் இல்லை. 1973ஆம் ஆண்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 235ஆம் பிரிவு, குற்றவாளி என்று தீர்ந்தபின் தண்டனை பற்றி அவனைத் தனியே கேட்க வேண்டும் என்றது. இது வெறும் சடங்காகிவிடக் கூடாது என்று 1976இல் சாந்தா சிங் வழக்கிலும், கீழ் நீதிமன்றங்கள் இதற்கெனப் பொதுவாக வேறு நாள் ஒதுக்க வேண்டும் என்று 1989இல் அல்லாவுதீன் மியான் வழக்கிலும் உச்ச நீதிமன்றம் அறிவுறுத்தியது. முதற்குற்றவாளிகளை நன்னடத்தைப் பிணையில் விடுவிக்க 1958ஆம் ஆண்டின் சட்டம் இருக்கிறது. ஆனால் நீதிமன்ற வராந்தாவை அறிந்தவர்கள் சொல்லட்டும்: தண்டனை பற்றிய கேள்வி எத்தனை இடங்களில் உண்மையாகக் கேட்கப்படுகிறது? 'ஏதாவது சொல்ல விரும்புகிறாயா?' என்று ஒரு வரி. 'வயதான தாய் இருக்கிறாள்' என்று ஒரு வரி. அதன் கீழே தண்டனை. அவன் பள்ளிக்குப் போனானா, மனநோய் உண்டா, இதற்குமுன் எப்படி வாழ்ந்தான், திருந்தும் தன்மை உண்டா என்பதைச் சொல்ல வேறு யாரும் அங்கு இல்லை. எடைக்கல் இல்லை என்றோம். தட்டில் வைக்க வேண்டிய பொருளையும் வைப்பதில்லை.

புதிய சட்டம் இந்தக் குறையைத் தீர்த்ததா? ஒரு சான்று போதும். அது சமூகப் பணி என்னும் தண்டனையைப் புதிதாகக் கொண்டுவந்திருக்கிறது. ஐயாயிரம் ரூபாய்க்குக் குறைந்த பொருளை முதன்முறை திருடியவன் பொருளையோ அதன் மதிப்பையோ திருப்பிக் கொடுத்தால், அவனுக்குச் சிறைக்குப் பதில் சமூகப் பணி. நல்ல எண்ணம், வரவேற்கிறோம். ஆனால் எத்தனை நாள், எத்தனை மணி, எந்த வேலை என்று சட்டம் கூறவில்லை. ஒரு நீதிபதி ஒரு வாரம் மரம் நடச் சொல்வார். அடுத்த மாவட்டத்தில் மற்றொருவர் ஓராண்டு கழிப்பறை கழுவச் சொல்வார். இரண்டும் சட்டப்படி சரியே. கருணையாகப் பிறந்த தண்டனையும் குலுக்குச் சீட்டாக வளர வேண்டுமா?

இவற்றை நாம் புதிதாகக் கண்டுபிடித்துச் சொல்லவில்லை. 2003இல் நீதிபதி மாலிமத் தலைமையிலான குழு, தண்டனை நெறிகளை வகுக்கச் சட்டப்படி ஒரு குழு வேண்டும் என்று அரசுக்குச் சொல்லிற்று. 1980இல் பச்சன் சிங் வழக்கில் வகுத்த 'அரிதினும் அரிது' என்னும் நெறி ஒரே சீராகக் கையாளப்படவில்லை என்று 2012இல் சங்கீத் வழக்கில் உச்ச நீதிமன்றமே ஒப்புக்கொண்டது. அதே ஆண்டு, கேரளத்து நச்சுச் சாராய வழக்கில், தண்டனை விதிக்கும் பகுதியே நம் நீதி முறையின் மிக நலிந்த பகுதி என்று அதே நீதிமன்றம் வருந்திற்று. 2024 மே திங்களில் சுனிதா தேவி வழக்கில், முழுமையான தண்டனைக் கொள்கை ஒன்றை வகுப்பதைப் பற்றி ஆராய்ந்து ஆறு மாதத்தில் பதில் தருமாறு ஒன்றிய அரசின் நீதித் துறையைக் கேட்டது. 2003இல் சொன்னதை 2024இலும் சொல்ல வேண்டியிருந்தது என்பதே இந்த நாட்டில் இந்தப் பேச்சுக்குக் கிடைத்த மரியாதையின் அளவு. இடையில் மூன்று பெரும் சட்டங்களை அடியோடு மாற்றி எழுத நேரம் கிடைத்தது. தண்டனை மன்றம் ஒன்றை அவற்றில் எழுத நேரம் கிடைக்கவில்லை.

நாம் வேண்டுவன நான்கு. சட்டத்தால் அமைந்த ஒரு தண்டனை மன்றம் வேண்டும். அதில் நீதிபதிகளோடு அரசு வழக்கறிஞரும், குற்றவாளிக்காக வாதாடுவோரும், சிறை அறிந்தோரும், மன மருத்துவரும், குற்றத்தால் பாதிக்கப்பட்டவர்களுக்காகப் பேசுவோரும் இடம்பெற வேண்டும். அது எழுதும் நெறி முதலில் மக்கள் முன் வைக்கப்பட வேண்டும். தீர்ப்பு நாளும் தண்டனை நாளும் வேறாக இருக்க வேண்டும்; இடையில் குற்றவாளியின் வாழ்வைப் பற்றி நன்னடத்தை அலுவலர் அறிக்கை தர வேண்டும். எந்தக் குற்றத்துக்கு எந்த மாவட்டத்தில் என்ன தண்டனை விதிக்கப்பட்டது என்ற கணக்கு ஆண்டுதோறும் வெளிவர வேண்டும். நிலுவை வழக்குகளின் எண்ணிக்கையை நாள்தோறும் காட்ட முடிந்த நாட்டுக்கு இது இயலாததன்று. தம் ஊரின் அளவையும் அடுத்த ஊரின் அளவையும் அறியாத நீதிபதி இருட்டில் நிறுக்கிறார். விளக்கேற்றிக் கொடுப்பது அவருக்குச் செய்யும் உதவி.

'நம் வீட்டில் யாரும் குற்றவாளி இல்லையே, நமக்கென்ன?' என்று கேட்பவர்களுக்கு ஒரு சொல். பாதிக்கப்பட்டவராக நாளை நாம் நீதிமன்றம் போகலாம். நம் பிள்ளையைக் காயப்படுத்தியவன் ஓராண்டில் வெளியே வந்து, அதே போன்ற காயத்துக்கு மற்றொருவன் பத்தாண்டு இருப்பதைக் கண்டால், நம் பிள்ளையின் வலிக்கு அரசு எந்த விலை வைத்தது என்று நாமும் கேட்போம். சிறை வாயிலில் பொட்டலத்துடன் காத்திருக்கும் தாயின் கேள்வியும் அதுவே: 'அவனுக்கு மூன்று, என் மகனுக்கு ஏன் பத்து?' இந்தக் கேள்விக்கு, 'உன் மகன் செய்தது இது, விளைந்த தீங்கு இது, நெறி இது, காரணம் இது' என்று விடை சொல்ல முடிந்தால், அவள் அழுதுகொண்டே திரும்பினாலும் நீதியின் மேல் மண் அள்ளித் தூற்றமாட்டாள். 'அன்று அமர்ந்திருந்தவர் அப்படிப்பட்டவர்' என்பதே விடையாயின், அவளிடம் சட்டத்தை மதிக்கச் சொல்ல நமக்கு நாக்கு எழாது.

அரிசிக் கடைக்காரரிடம் கேட்கும் முத்திரையை, ஆயுளை நிறுக்கும் தராசிலும் கேட்போம்.